இறக்கத்தில் நிறுத்திய வண்டி

வரிசையாகச் சொல்கிறேன், தம்பி. நடுவில் கேள்வி வேண்டாம். வரிசை மாறினால் குற்றப்பத்திரிகை நிற்காது.

முதல் குற்றம், 1968. கரும்பாறை எஸ்டேட்டில் கார் ஓட்டுநராக நான் சேர்ந்த நாள். ஹெட் கிளார்க் ஞானாபரணம் என் லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, 'போட்டோல ஏம்ப்பா இப்படி முழிக்கிறே?' என்றான். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது.

இரண்டாம் குற்றம், 1970. நான் எழுதிய முதல் துண்டறிக்கை. அச்சுக்குப் போகும் முன்பே யாரோ அவன் கையில் கொடுத்துவிட்டார்கள். பதினொரு பிழைகளுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினான். திருத்தித்தான் அச்சடித்தோம், அது வேறு விஷயம். வட்டம் போட்டது குற்றம்.

மூன்றாம் குற்றம், 1973 தை மாதம். எஸ்டேட் மேனேஜர் துரையின் காரில் ஹேண்ட்பிரேக் கேபிள் அறுந்துபோனது என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மூன்றையும் வாங்கிக் கோப்பில் வைத்தான். கேபிள் வரவில்லை.

நான்காம் குற்றம், அதே வருடம் ஆடி மாதம், எங்கள் வேலைநிறுத்தத்தின் முப்பத்தேழாவது நாள். நான் இறக்கத்தில் ஒழுங்காக நிறுத்திவிட்டுப் போன காரில் ஏறி உட்கார்ந்து, டாஷ்போர்டுக்குக் கீழே இருந்த கைப்பிடியை உள்ளே தள்ளினான். கார் உருண்டது. வேலைநிறுத்தம் உடைந்தது.

ஐந்தாம் குற்றம், விசாரணையில். கைப்பிடி எப்படி இருந்தது என்று கேட்டார்கள். 'நான் கவனிக்கவில்லை' என்றான். இரண்டே சொல்.

ஆறாம் குற்றம், இந்த வருடம். அதே காரை யாரோ வாங்கி, தட்டிச் சீராக்கி, பழைய கார் கண்காட்சியில் நிறுத்தி, முன்னால் ஒரு பலகை வைத்தார்கள். '1973இல் ஓட்டுநரின் கவனக்குறைவால் பள்ளத்தில் உருண்டது.'

அந்த ஓட்டுநர் நான்.

என்ன தம்பி, சிரிக்கிறீர்கள்? மேடைத் தமிழாக இருக்கிறதா? துண்டறிக்கை படித்துத்தான் எனக்கு எழுத்தே வந்தது. வாயும் அப்படியே பழகிவிட்டது. மேட்டுப்பாளையம் போக இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, கேளுங்கள்.

இந்தப் பஸ்ஸைக் கவனியுங்கள். வளைவு வருவதற்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிட்டார். எஞ்சின் முக்குகிறது, கேட்கிறதா? இறக்கத்தில் வண்டியை எஞ்சின்தான் பிடித்து வைக்கிறது. வெறும் பிரேக்கை நம்பி இறங்கினால் காட்டேரிப் பூங்கா நிறுத்தம் வருவதற்குள் தீய்ந்த வாடை வரும். இந்த டிரைவர் நல்ல பிள்ளை. ஆனால் நான் ஓட்டிய கார் வேறு ஜாதி.

அமெரிக்கக் கார். கரும்பச்சை நிறம். ஸ்டியரிங் தண்டிலேயே கியர், மூன்றே மூன்று. அதற்கு மேலே ஓவர்டிரைவ். டாஷ்போர்டுக்குக் கீழே, ஓட்டுகிறவன் முழங்காலுக்குப் பக்கத்தில், ஒரு கைப்பிடி. அதை வெளியே இழுத்து வைத்தால் சாதாரண வண்டி, இந்தப் பஸ்ஸைப் போல. உள்ளே தள்ளினால்தான் வித்தை. முப்பது மைல் வேகத்தைத் தாண்டி ஒரு நொடி காலைத் தூக்கினால் 'டக்'கென்று ஓவர்டிரைவ் விழும். வண்டி அதே வேகத்தில் போகும், எஞ்சின் மட்டும் தூக்கம் வந்தவன் மாதிரி மெதுவாகச் சுற்றும். வேகம் குறைந்தால் ஃப்ரீவீல். காலை எடுத்ததும் எஞ்சின் வேறு, சக்கரம் வேறு. சைக்கிளில் மிதிக்காமல் இறங்குகிறோமே, அதுதான். கிளட்சைத் தொடாமலே கியர் மாற்றலாம். பின்சீட்டில் துரை டீ குடித்துக்கொண்டே வருவார், சாஸரில் ஒரு சொட்டு விழாது. நானூறு கார் இருந்த நீலகிரியில் அப்படி ஓட்டியவன் நான் ஒருவன்தான்.

மலையிறக்கத்தில் கைப்பிடியை வெளியே இழுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது. அது பயந்தவர்களுக்கு எழுதிய விதி. நான் உள்ளேயே வைத்து ஓட்டுவேன். எஸ்டேட் கேட்டுக்கு முன்னால் எஞ்சினையே அணைத்துவிட்டு, ஆபீஸ் வாசல் வரை பூனை மாதிரி வந்து நிற்பேன். வாட்ச்மேன் திரும்பிப் பார்ப்பதற்குள் துரை இறங்கியிருப்பார்.

நிறுத்துவதில்தான் சூட்சுமம். மூக்கு இறக்கத்தைப் பார்த்து நிற்கிறது, கியர் போட்டிருக்கிறது, ஆனால் கைப்பிடி உள்ளே என்றால் கியர் இருந்தும் இல்லாத கணக்கு. ஃப்ரீவீல் சுற்றிக்கொண்டு போகும். ஹேண்ட்பிரேக் இருந்தால் அது பிடிக்கும். எங்கள் காரில் அது அறுந்து கிடந்தது, சொன்னேன் அல்லவா, மூன்றாம் குற்றம். அதனால் நிறுத்தினால் கைப்பிடியை இழுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். இழுத்துவிட்டுத்தான் இறங்குவேன். அது கண் இமைக்கிற மாதிரி, நினைத்துச் செய்கிற காரியமா?

முப்பத்தேழாவது நாளுக்கு வருகிறேன்.

நான் கார் ஓட்டுநர் மட்டுமில்லை, சங்கத்தின் செயலாளரும்கூட. நானூறு பேர் கஞ்சி காய்ச்சி உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குத் தொழிலாளர் அதிகாரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வருகிறார். அவரைக் கூட்டி வர மட்டும் காரை எடுக்கலாம் என்று சங்கம் தீர்மானம் போட்டது. நானே போய்க் குன்னூரிலிருந்து கூட்டி வந்தேன். மழைத் தூறல். ஆபீஸ் வாசல் இறக்கத்தில் நிறுத்தினேன். அதிகாரி இறங்கி உள்ளே போனார், நானும் பின்னாலேயே போனேன்.

ஞானாபரணம் எங்களைத் தாண்டிப் போய்க் காரில் ஏறினான். எதற்கு ஏறினான்? அதிகாரி சீட்டில் மறந்து வைத்த காகிதக் கோப்பை எடுக்க என்று பிறகு சொன்னான். நம்புகிறீர்களா? கதவைச் சாத்தினான். கார் நகர்ந்தது.

கீழே பெரட்டுக் களம். காலையில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற இடம். அங்கேதான் எங்கள் பந்தல். கார் பந்தல் காலை முறித்துக்கொண்டு, கஞ்சி அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு, பள்ளத்துக்குள் போனது. ஜனம் அலறிக்கொண்டு ஒதுங்கியதால் யாரும் சாகவில்லை. அவன் பாதி வழியில் குதித்தான். கால் ஒடிந்தது. ஒடியட்டும்.

துரை ஜன்னலில் நின்று ஒரே வரி சொன்னான். 'ஹெட் கிளார்க்கைக் கொல்லப் பார்க்கிறார்கள்.' அதிகாரி பேனாவை மூடிப் பையில் வைத்தார். போலீஸ் வந்தது. என்னையும் சேர்த்துப் பதினொரு பேரைக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் ஆட்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்துக்குப் போய்விட்டார்கள்.

கொலை முயற்சி வழக்கு நிற்கவில்லை. ஞானாபரணம்தான் எதையும் கவனிக்கவில்லையே! 'கவனக்குறைவு' என்று எழுதி என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். வெளியே வந்தால் என் சங்கத்து ஆட்களே என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்துகிறார்கள். 'அங்கமுத்து துரைகிட்ட வாங்கிட்டாண்டா' என்று குழாயடியில் பேச்சு. என் காது கேட்கப் பேசினார்கள், தம்பி. அதற்குப் பிறகு எத்தனையோ போராட்டம், எத்தனையோ சங்கம், நாலு முறை சிறை. எங்கே போனாலும் பின்னாலிருந்து ஒருவன் சொல்வான்: 'கரும்பாறையில காரை உருட்டி விட்டவன்தானே?'

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நான் கொண்டு வந்தது. பேர் வாசிப்பு. போராட்டத்தை உடைத்தவன் பெயர், அவன் அப்பன் பெயர், அவன் வேலை, அவன் செய்த காரியம், நான்கையும் பெரட்டுக் களத்தில் எல்லார் முன்பும் வாசிப்போம். கூடியிருக்கிறவர்கள் 'கேட்டோம்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அடி கிடையாது, அபராதம் கிடையாது. மூன்று பேர் பெயரை நான் வாசித்திருக்கிறேன். ஒருவன் சுடலையாண்டி. இருபதாம் நாள் கொழுந்து பறிக்கப் போனான். குழந்தைக்குக் காய்ச்சல் என்றான். காய்ச்சல் யார் வீட்டில் இல்லை? வாசித்தேன். மறுநாள் முதல் பஸ்ஸில் குடும்பத்தோடு போய்விட்டான். எங்கே போனான் என்று தெரியாது. என் குரல் அப்படி.

நான்காவது பெயர் ஒன்று பாக்கி இருந்தது. ஐம்பது வருடமாக என் சட்டைப்பையில் இருந்தது.

பலகையைப் பார்த்ததும் காரின் உடைமைக்காரருக்குக் கடிதம் எழுதினேன். கோயம்புத்தூர் பல் டாக்டர், அம்சவேணி என்று ஒரு பெண். காரைத் தன் கையாலேயே பிரித்து மாட்டியிருக்கிறாள், நகத்தில் கிரீஸ். கண்காட்சி மைதானத்தில் பார்த்தேன்.

'எஸ்டேட் கோப்புல இருந்ததைத்தான் ஐயா எழுதினேன். தப்புன்னா மாத்திடறேன். எப்படித் தப்புன்னு காட்டுங்க' என்றாள்.

'காட்டுகிறேன். ஆனால் எதிரி முன்னிலையில்.'

'எதிரியா? யாரு?'

'ஞானாபரணம்.'

'அந்தத் தாத்தாவா!' என்று சிரித்தாள். 'அவரை எனக்குத் தெரியும் ஐயா. வெலிங்டன்ல மகள் வீட்டுல இருக்காரு. கூட்டிட்டு வரேன்.'

இன்று காலை கூட்டி வந்துவிட்டாள். சக்கர நாற்காலியில், குல்லாயும் மஃப்ளருமாக. எண்பத்திரண்டு வயது. என்னைப் பார்த்ததும், 'அங்கமுத்து, நல்லாருக்கியா? பல்லெல்லாம் இருக்கே உனக்கு!' என்றான். நான் காரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவனுக்கு 'ஐயா' போடுவதை 1970லேயே நிறுத்தியவன் நான்.

இருநூறு பேர் கூடிவிட்டார்கள். மைக் இருந்தது. நான் ஏற்பாட்டை விளக்கினேன். மைதானத்து ஓரத்தில் ஓர் இறக்கம். முதலில் அன்றைக்கு வந்த மாதிரியே நான் வந்து நிறுத்துவேன். ஹேண்ட்பிரேக் போடமாட்டேன். ஞானாபரணம் ஏறிய மாதிரியே டாக்டர் அம்மா ஏறி உட்காருவார், எதையும் தொடாமல். கார் நிற்கும். பிறகு கைப்பிடியை உள்ளே தள்ளுவார். கார் உருளும். பதினைந்து அடி தள்ளி மரக்கட்டைகளை அடை கொடுத்திருக்கிறோம், ஆபத்தில்லை. இரண்டையும் பார்த்த பிறகு, அன்றைக்குக் காருக்குள் இருந்தவன் பெயரை நான் வாசிப்பேன். கூட்டம் கை தட்டியது. ஒருவன் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே, 'தாத்தா, சீக்கிரம்!' என்றான்.

ஏறி உட்கார்ந்தேன்.

தம்பி, ஐம்பது வருடம். கை எதையும் மறக்கவில்லை. ஸ்டியரிங் அதே மெல்லிசு. மைதானத்தைச் சுற்றி மேட்டுச் சாலையில் ஏறினேன், திரும்பினேன். கைப்பிடியை உள்ளே தள்ளினேன், கிளட்ச் தொடாமல் மூன்றாவது போட்டேன், ஒரு சத்தம் வரவில்லை. அப்போதுதான் எஞ்சினை அணைத்தேன். காற்று மட்டும் கேட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 'ஓ' என்றார்கள். கார் வந்ததே தெரியவில்லையாம். வந்து, ஆபீஸ் வாசல் என்று போட்டிருந்த கோட்டில் அங்குலம் பிசகாமல் நிறுத்தினேன். முதல் கியர் போட்டேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், நின்றது. இறங்கினேன். கதவைச் சாத்தினேன். மைக்கை வாங்கினேன். அப்படி ஓட்டியவன் அந்த மைதானத்தில் வேறு யாராவது உண்டா?

'டாக்டர் அம்மா, ஏறுங்கள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொள்ளுங்கள். எல்லாரும் பார்க்க வேண்டும்.'

ஏறினாள். கையைத் தூக்கினாள். வெளியிலிருந்து ஒருவர் கதவை ஓங்கிச் சாத்தினார்; காரே அதிர்ந்தது.

கார் நகர்ந்தது.

மெதுவாகத்தான். ஒரு மாடு எழுந்து போகிற மாதிரி. இரண்டு கையும் மேலே தூக்கியபடி அந்தப் பெண் உள்ளே உட்கார்ந்திருக்கிறாள், கார் அவளைக் கொண்டுபோகிறது. கட்டையில் முட்டி நின்றது. கூட்டம் சிரித்தது. ஏதோ வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள்.

அவள் தலையைக் குனிந்து பார்த்தாள். கை இன்னும் மேலேயே இருந்தது. 'ஐயா, பிடி உள்ளதான் இருக்கு.'

'யார் தள்ளியது?' என்றேன் மைக்கில்.

'யாரும் ஏறலையே ஐயா. நீங்க இறங்கினீங்க, நான் ஏறினேன்.'

சிரிப்பு நின்றுவிட்டது. அது எனக்குத் தெரிந்த நிசப்தம். மேடையில் ஐம்பது வருடம் நின்றவனுக்குக் கூட்டம் எப்போது தன்னை விட்டுப் போகிறது என்று முதுகுத்தண்டில் தெரியும். நான் என் வலது கையைப் பார்த்தேன். இந்தக் கைதான். உள்ளே தள்ளியது ஞாபகம் இருக்கிறது. இழுத்தது ஞாபகம் இல்லை. யோசித்துப் பார்த்தேன், இழுக்கிற அசைவே இந்தக் கையில் இல்லை. அது எப்படி இருக்கும் என்று இப்போதுகூடச் செய்துகாட்டத் தெரியவில்லை.

ஞானாபரணம் நாற்காலியை உருட்டச் சொல்லி என் பக்கத்தில் வந்தான். மைக்குக்கு எட்டாமல், மெதுவாகப் பேசினான்.

'விடுப்பா அங்கமுத்து. அன்னிக்கும் உள்ளதான் இருந்துச்சு. கோப்பை எடுக்க ஏறினப்பவே பாத்தேன். இழுக்கலாம்னு கையை நீட்டறதுக்குள்ள போயிடுச்சு.'

'பார்த்தவன் ஏன் சொல்லவில்லை?'

'சொல்லியிருந்தா கொலை முயற்சின்னு எழுதி உன்னை ஏழு வருசம் உள்ள வெச்சிருப்பான். துரை எங்கிட்ட அதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தான். உன் வீட்டுல கைக்குழந்தை. அது போக, உங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்சா களத்துல உன் பேரையே வாசிச்சிருப்பாங்க. நீ தாங்கமாட்டே.' மூச்சு வாங்கினான். 'கால் என்னுது. நான் கவனிக்கலைன்னு சொன்னா யாரு கேக்கப் போறா?'

இதுதான் ஏழாம் குற்றம், தம்பி.

உங்கள் முகத்தைப் பார்த்தால் அவன் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள் என்று தெரிகிறது. நன்றாக யோசியுங்கள். ஐம்பது வருடமாக அவன் எனக்குப் பிச்சை போட்டிருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். நான் எத்தனை மேடையில் அவனைத் திட்டினேன், எத்தனை துண்டறிக்கையில் அவன் பெயரை அச்சடித்தேன்! அத்தனையையும் படித்துவிட்டு, நொண்டிக் காலோடு வீட்டில் உட்கார்ந்து, 'பாவம் அங்கமுத்து' என்று நினைத்திருக்கிறான். அடித்தால் திருப்பி அடிக்கலாம். வழக்குப் போட்டால் எதிர்வழக்கு. இதற்கு என்ன செய்வது? முதல் ஆறு குற்றத்தையும் தள்ளுபடி செய்தாலும் இதைச் செய்யமாட்டேன். நான் தாங்கமாட்டேன் என்று முடிவு செய்ய அவன் யார்?

கூட்டம் கலையத் தொடங்கியது. அம்சவேணி இறங்கி வந்து, 'ஐயா, வெயில்ல நிக்காதீங்க, வந்து உக்காருங்க. பலகையை எடுத்துடறேன், எதுவுமே வேண்டாம்' என்றாள். அவளும்! அவளும் பிச்சை போடுகிறாள்!

அப்போதுதான் எனக்குப் பிடி கிடைத்தது. அவன் பொத்திப் பொத்தி வைத்திருந்தது ஒரே ஒரு பொருள். ஒரு காலைக் கொடுத்து வாங்கி வைத்தது. அதை எல்லார் முன்பும் போட்டு உடைத்தால் அவன் செய்த தர்மம் எங்கே போகும்? ஒன்றுக்கும் ஆகாமல் போகும். ஐம்பது வருடமும் வீண்.

சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். அதில் அவன் பெயர் இருந்தது. கிழித்துப் போட்டேன். இது மனப்பாடமாகவே வரும்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. அறிவாளி, எப்போதுமே. என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான். 'வேண்டாம் அங்கமுத்து. இத்தனை வருசத்துக்கு அப்புறம் எதுக்குப்பா? உன் பேரனெல்லாம் இருக்கான். கெஞ்சிக் கேக்கறேன், வேண்டாம்.'

கண்ணில் தண்ணீர். ஹெட் கிளார்க் ஞானாபரணம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறான், இருநூறு பேர் பார்க்க. இதைக் கேட்கத்தானே தம்பி நான் உயிரோடு இருந்தேன்? கையை உதறிவிட்டேன்.

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். 'யாரும் போகாதீர்கள்' என்றேன். போனவர்கள் நின்றார்கள். ஐஸ்கிரீம் சாப்பிட்டவன்கூடத் திரும்பினான். 'நான் வாசித்து முடித்ததும் எல்லாரும் கேட்டோம் என்று சொல்ல வேண்டும். இது எங்கள் வழக்கம். நான் கொண்டு வந்த வழக்கம்.' பிறகு வாசித்தேன். எந்தக் குரலில் சுடலையாண்டிக்கு வாசித்தேனோ அதே குரலில், ஒரு எழுத்துக் குறைக்காமல், நான்கையும் வாசித்தேன்.

'வீரணன் மகன் அங்கமுத்து. கரும்பாறை எஸ்டேட் கார் ஓட்டுநர். முப்பத்தேழாம் நாள் கைப்பிடியை இழுக்காமல் இறங்கிப் போய், நானூறு பேரின் வேலைநிறுத்தத்தை உடைத்தவன். அங்கமுத்து.'